நிறுவன டீமுக்கு டைனமிக் மொழியைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பத்து முதல் முப்பது பேர் கொண்ட டீம். ஜாவாவிலோ டாட்நெட்டிலோ எழுதிய மையச் சிஸ்டம் ஒன்று பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி வரும் உள்வேலை ஆப்கள், ரிப்போர்ட்டுகள், ஏபிஐகள் எல்லாவற்றையும் சீக்கிரம் எழுதித் தள்ள ஒரு டைனமிக் மொழி (மாறிகளின் டைப்பை முன்கூட்டியே அறிவிக்கத் தேவையில்லாத, பைத்தான், ரூபி போன்ற மொழி) வேண்டும் என்று முடிவாகிவிட்டது. எந்த மொழி என்பதுதான் பாக்கி. இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட டீமுக்கானது.

எது வேகம், எதில் சின்டாக்ஸ் அழகு என்ற சண்டையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். நிறுவனங்களில் மொழித் தேர்வு சொதப்புவது அதனால் அல்ல. டேட்டாபேஸ் டிரைவர் (மொழியை டேட்டாபேஸோடு இணைக்கும் லைப்ரரி) ஒத்துழைக்காது, பேக்கேஜ் (பிறர் எழுதித் தந்த கோட் தொகுப்பு) இறக்க ப்ராக்ஸி (நிறுவன நெட்வொர்க்கின் வாசல் சர்வர்) விடாது, வெர்ஷனுக்கான ஆதரவு நடுவழியில் முடிந்துபோகும், எழுதியவர் வேலையை விட்டுப் போனதும் புரோகிராம் கோடைத் தொட ஆள் இருக்காது. இந்த நான்கையும் முன்கூட்டியே சோதித்துப் பார்த்துவிட்டால் மீதியெல்லாம் ருசி சம்பந்தப்பட்டது. கீழே உள்ள படிகளின் வரிசையும் அதற்காகத்தான்: கழிக்க வேண்டியதை முதலில் கழித்து, மிஞ்சியதை மட்டும் எழுதிப் பார்ப்பது.

படி 1: தேவையை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

இந்தப் பக்கத்தில் எந்த மொழியின் பெயரும் வரக் கூடாது. அடுத்த 18 மாதத்தில் எழுதப் போகும் ஆப்கள் எவை, ஒவ்வொன்றும் எந்த வகை (வெப் ஸ்கிரீன், ஏபிஐ, இரவு பேட்ச், ஃபைல் பரிமாற்றம், டேட்டா அலசல்), உச்ச நேரத்தில் விநாடிக்கு எத்தனை கோரிக்கை, எத்தனை வருடம் உயிரோடு இருக்க வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கு விழுந்தால் யார் எழுந்து பார்ப்பார்கள். இவ்வளவு போதும்.

எழுதி முடித்ததும் சில சமயம் விடை தானாகவே வந்துவிடும். பட்டியலில் பாதிக்கு மேல் டேட்டா அலசலும் மெஷின் லேர்னிங்கும் என்றால் பைத்தான். வேறு மொழியைத் தேடுவது வீண் வேலை. பாதிக்கு மேல் பிரவுசர் ஸ்கிரீன் என்றால் டைப்ஸ்கிரிப்ட் (டைப் சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட்) எப்படியும் உள்ளே வரப்போகிறது. சர்வருக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமா என்பது மட்டுமே கேள்வி. விநாடிக்குப் பல ஆயிரம் கோரிக்கைகள், ஒவ்வொன்றுக்கும் சில மில்லி விநாடிக்குள் பதில் என்று உத்தரவாதம் கேட்கும் கணக்கீட்டு எஞ்சின் இருந்தால், அதைப் பழைய ஜாவாவிலேயே விட்டுவிடுங்கள்.

படி 2: கழித்துக்கட்டும் பட்டியல்

நிறுவனத்தில் மாற்ற முடியாதவை சில இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மொழிகளை வைத்துப் பாருங்கள்.

முதலில் டேட்டாபேஸ். ஆரக்கிளையே எடுத்துக்கொள்வோம். பைத்தானுக்கான டிரைவரை ஆரக்கிளே தருகிறது. 2022-ல் பெயர் மாறி வந்த புதிய டிரைவருக்கு ஆரக்கிள் கிளையன்ட் மென்பொருளை இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் நோடுக்கான டிரைவரிலும் அந்த வசதி வந்துவிட்டது. பிஎச்பிக்கும் ரூபிக்கும் வழக்கமாகப் பயன்படும் டிரைவர்கள் இன்னும் கிளையன்ட் லைப்ரரியைக் கேட்கின்றன. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு சர்வரிலும் ஒவ்வொரு கன்டெய்னர் இமேஜிலும் (ஆப்பையும் அதற்கு வேண்டியதையும் சேர்த்துக் கட்டிய பொதி) அந்த லைப்ரரியைச் சரியான வெர்ஷனில் வைத்துப் பராமரிப்பது இன்னொருவரின் வேலை நேரம். எஸ்ஏபி, பழைய மெசேஜ் கியூ, மெயின்ஃப்ரேம் இணைப்புகளுக்கும் இதே கேள்வி: லைப்ரரி இருக்கிறதா என்று கேட்காதீர்கள், அதை இன்று யார் பராமரிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

இரண்டாவது, கிளவுட். அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் லாம்டாவில் பைத்தான், நோட், ரூபி ஆகியவை நேரடியாக ஓடும். பிஎச்பிக்குத் தனி ஏற்பாடு வேண்டும். மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் ஃபங்ஷன்ஸில் பைத்தானும் நோடும் உண்டு, ரூபி கிடையாது. கன்டெய்னரிலேயே எல்லாவற்றையும் ஓட்டுபவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை.

மூன்றாவது, உள் நெட்வொர்க். பெரிய நிறுவனங்களில் வெளியே போகும் எச்டிடிபிஎஸ் போக்குவரத்தைப் ப்ராக்ஸி பிரித்துப் பார்த்து, நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழைப் போட்டு மூடி அனுப்பும். பிரவுசருக்கு அது தெரியும், ஏனென்றால் விண்டோஸில் ஐடி பிரிவு அந்தச் சான்றிதழை ஏற்றி வைத்திருக்கிறது. பைத்தானின் பல லைப்ரரிகள் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் சான்றிதழ் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. தன்னோடு வரும் பட்டியலைத்தான் நம்பும். நோடும் வழக்கமாக அப்படித்தான். விளைவு, முதல் நாளே சான்றிதழ் பிழை. உடனே யாராவது சான்றிதழ் சோதனையையே அணைத்துவிட்டு வேலையைத் தொடர்வார். அந்த ஒரு வரி அப்படியே புரொடக்‌ஷன் வரை போய்ச் சேரும். இரண்டு மொழியிலும் கூடுதல் சான்றிதழ் கோப்பைக் காட்ட ஒரு சூழல் மாறி (environment variable) உண்டு. அதை டீமின் அடிப்படை இமேஜிலேயே போட்டுவிட வேண்டும்.

நான்காவது, ஆபரேட்டிங் சிஸ்டம். ரெட் ஹாட் லினக்ஸ் 9-ல் வரும் பைத்தான் 3.9. பைத்தான் சமூகம் அதற்கான ஆதரவை 2025 அக்டோபரில் முடித்துவிட்டது. ரெட் ஹாட் தன் வெளியீட்டின் ஆயுள் வரை பாதுகாப்புத் திருத்தம் தரும். ஆனால் புதிய லைப்ரரிகள் 3.9-ஐக் கைவிட்டுக்கொண்டே போகும். ஆகவே சிஸ்டத்தின் பைத்தானைத் தொடாமல், ஆப்புக்கென்று தனி பைத்தான் வைப்பதே சரி. சிஸ்டம் பைத்தானை மேம்படுத்தப் போய், அதை நம்பியிருக்கும் பேக்கேஜ் மேனேஜரை உடைத்துக்கொண்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

இந்தப் படியில் ஒரு மொழிக்கு இரண்டு இடத்தில் 'முடியாது' விழுந்தால் அதைக் கழித்துவிடுங்கள். 'கொஞ்சம் கஷ்டப்பட்டால் முடியும்' என்பதும் முடியாது என்றே கணக்கு.

படி 3: மிஞ்சியவர்களைப் பற்றி நேர்மையாக

பைத்தான். 1991-ல் வந்தது. ஸ்கிரிப்ட், டேட்டா, வெப், ஆட்டோமேஷன் என எல்லாவற்றிலும் இரண்டாவது சிறந்த மொழி என்று சொல்வார்கள். டேட்டாவில் முதலிடமே. ஆள் கிடைப்பது சுலபம். ஆனால் பைத்தான் தெரியும் என்று வருபவர்களில் நோட்புக் கருவியில் டேட்டா அலசியவர்கள் அதிகம், டெஸ்ட்டோடு சர்வர் ஆப் எழுதிப் பராமரித்தவர்கள் குறைவு. இன்டர்வியூவில் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பேக்கேஜிங் கருவிகள் பல இருப்பது குழப்பம். ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றைத் தடை செய்துவிடுங்கள்.

நோடும் டைப்ஸ்கிரிப்டும். டைப் இல்லாத வெறும் ஜாவாஸ்கிரிப்டை நிறுவனச் சர்வர் கோடுக்கு இன்று யாரும் பரிந்துரைப்பதில்லை. 2012-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்ட், ஜாவா, சி ஷார்ப் ஆட்களுக்குக் கை பழகியது போலவே இருக்கும். சி ஷார்ப்பை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க்தான் இதற்கும் பின்னால் இருப்பவர். பல சர்வீஸ்களை அழைத்துச் சேர்த்துத் தரும் ஏபிஐக்கு அருமையான தேர்வு. குறை: சின்ன ஆப்புக்கும் நூற்றுக்கணக்கில் பேக்கேஜ்கள் வந்து குவியும். பழைய, புதிய மாட்யூல் முறைகள் இரண்டும் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் நாள்கணக்கில் நேரம் போகும்.

பிஎச்பி. சிரிக்காதீர்கள். 2015 டிசம்பரில் வந்த 7.0 முதல் அது வேறு மொழி. படிவம், பட்டியல், ஒப்புதல், அறிக்கை என்று போகும் உள்வேலை ஆப்புகளுக்கு லாராவெல் அல்லது சிம்ஃபனி ஃபிரேம்வொர்க் (ஆப் கட்டத் தயாரான சட்டகம்) போதுமானதற்கும் மேல். ஒவ்வொரு கோரிக்கையும் புதிதாகத் தொடங்கி முடிவதால், மெமரி கசிவு நாள்கணக்கில் சேராது. ஒரு கோரிக்கை செத்தால் பக்கத்துக் கோரிக்கை சாகாது. ஆபரேஷன்ஸ் ஆட்களுக்கு இந்த நான்கில் மிகக் குறைந்த தலைவலி இதுதான். இதன் பெரிய பிரச்சினை கௌரவம்: நல்ல டெவலப்பர்கள் சிலர் பெயரைக் கேட்டதும் ஒதுங்கிவிடுவார்கள்.

ரூபி. அதன் வெப் ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸ் 2004-ல் வந்தது. டேபிளும் ஸ்கிரீனுமாக இருக்கும் ஆப்பை மூன்று பேர் சேர்ந்து ஒரு மாதத்தில் நிறுத்த இன்றும் அதற்கு ஈடு குறைவு. கிட்ஹப்பும் ஷாப்பிஃபையும் அதில்தான் வளர்ந்தன. சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க் ரெயில்ஸில் எழுதப்பட்டது. எனவே இங்கே அனுபவமுள்ளவர்கள் ஓரளவு உண்டு. வேறு ஊரில் டீம் வைத்திருந்தால் தேர்வுக்கு முன் வேலைக்கு விளம்பரம் போட்டுப் பாருங்கள், எத்தனை விண்ணப்பம் வருகிறது என்பதே பதில்.

மற்றவை சுருக்கமாக. எலிக்சிர்: ஆயிரக்கணக்கான கனெக்‌ஷன்களைத் திறந்தே வைத்திருக்கும் வேலைக்கு அற்புதம், ஆனால் மொத்த டீமும் யோசிக்கும் முறையையே மாற்ற வேண்டும். குரூவி: ஜென்கின்ஸ் பைப்லைனும் கிரேடிலும் இருக்கும் இடத்தில் ஏற்கெனவே உள்ளே வந்திருக்கும், அங்கேயே இருக்கட்டும். குளோஜர்: டீமில் ஏற்கெனவே இரண்டு பேர் அதில் ஆழ்ந்தவர்கள் என்றால் மட்டும். பெர்ல்: இருப்பதைப் பராமரியுங்கள், புதிதாகத் தொடங்காதீர்கள்.

ஜாவாவுக்கு உள்ளேயே ஸ்கிரிப்ட் மொழியைப் பொதிந்து ஓட்டலாம் என்ற யோசனை வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஜாவா 8-ல் நாஷார்ன் என்ற ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் கூடவே வந்தது; வணிக விதிகளை அதில் எழுதி வைத்தவர்கள் பலர். ஜாவா 11-ல் அதைக் கைவிடப் போவதாக அறிவித்து, 15-ல் நீக்கிவிட்டார்கள்.

படி 4: ஆதரவு நாட்காட்டியைச் சுவரில் ஒட்டுங்கள்

பைத்தான் ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு வெர்ஷன், ஐந்து வருட ஆதரவு. நோடில் இரட்டைப்படை வெர்ஷன்கள் ஏப்ரலில் வந்து அக்டோபரில் நீண்டகால ஆதரவுக்குள் நுழையும். அங்கிருந்து 30 மாதம். பிஎச்பி வருடக் கடைசியில் ஒன்று, இரண்டு வருடம் முழு ஆதரவு, அடுத்த இரண்டு வருடம் பாதுகாப்புத் திருத்தம் மட்டும். ரூபி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒன்று, ஏறத்தாழ மூன்றேகால் வருடம்.

ஜாவாவின் நீண்டகால ஆதரவுக்குப் பழகிய நிர்வாகத்துக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். ஏழு வருடம் ஓட வேண்டிய ஆப் நோடில் இருந்தால், குறைந்தது இரண்டு அல்லது மூன்று முறை அடித்தள மேம்பாடு உறுதி. ஃபிரேம்வொர்க்குக்குத் தனி நாட்காட்டி: பைத்தானின் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவின் நீண்டகால ஆதரவு வெர்ஷன் 5.2 வந்தது 2025 ஏப்ரலில், முடிவது 2028 ஏப்ரலில். இரண்டு நாட்காட்டியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். மேம்பாட்டுக்கு வருடத்துக்கு டீம் நேரத்தில் ஐந்து முதல் பத்து சதவீதம் ஒதுக்கச் சொல்வோம். அதைப் பட்ஜெட்டில் தனி வரியாக எழுதி ஒப்புதல் வாங்குங்கள். எழுதாத வேலை தள்ளிப்போகும், தள்ளிப்போனது மூன்று வெர்ஷன் ஒன்றாகத் தாண்ட வேண்டிய மலையாகும். பைத்தான் 3.0 வந்தது 2008 டிசம்பரில். 2-க்கான ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 1 அன்று. பதினோரு வருட அவகாசம் இருந்தும் கடைசி வருடத்தில் ஓடியவர்கள் ஏராளம்.

படி 5: டைப்பும் பணமும்

டைனமிக் மொழியில் கோட் பத்தாயிரம் வரியைத் தாண்டியதும் வலிக்கத் தொடங்கும் இடம், ஒரு ஃபங்ஷனுக்குள் என்ன வருகிறது என்று தெரியாததுதான். அதனால்தான் பெரிய நிறுவனங்கள் எல்லாம் டைனமிக் மொழி மேல் டைப் சோதனையை ஏற்றின. டிராப்பாக்ஸ் தன் நாற்பது லட்சம் வரி பைத்தானை மைபை என்ற டைப் சோதனைக் கருவி மூலம் சோதிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தது. ரூபிக்காக ஸ்ட்ரைப் நிறுவனம் 'சார்பே' (Sorbet) என்ற டைப் சோதனைக் கருவியை எழுதியது.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. பைத்தானிலும் டைப்ஸ்கிரிப்டிலும் எழுதும் டைப் குறிப்புகள் ஓடும்போது இருக்காது, அல்லது இருந்தும் சோதிக்காது. பிஎச்பியில் அறிவித்த டைப்பை ஓடும்போது மொழியே சோதித்து, தவறினால் பிழை எழுப்பும். ஆகவே முதல் இரண்டில் வெளியிலிருந்து வரும் ஜேசன் (டேட்டா பரிமாறும் உரை வடிவம்), ஃபைல், படிவம் எல்லாவற்றுக்கும் வாசலில் ஒரு சோதனை லைப்ரரி கட்டாயம்: பைத்தானில் பைடான்டிக், டைப்ஸ்கிரிப்டில் ஸாட் போன்றவை. ஏபிஐ பதிலுக்கு ஒரு டைப்பை ஒட்டிவிட்டு 'சோதித்தாயிற்று' என்று நம்புவது டைப்ஸ்கிரிப்டுக்குப் புதிதாக வரும் ஜாவா ஆட்களின் வழக்கமான சறுக்கல்.

பணக் கணக்கை ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள். 4.35 ரூபாயைப் பைசாவாக்க 100-ஆல் பெருக்கினால் நோடிலும் பைத்தானிலும் கிடைப்பது 434.99999999999994. அதை முழு எண்ணாக வெட்டினால் 434. ஒரு பைசா காணோம். ஒரு பில்லில் ஒன்றுமில்லை. மாதக் கடைசியில் லட்சம் பில்லைப் பேரேட்டோடு ஒப்பிடும் கணக்குப் பிரிவுக்கு அது இரண்டு நாள் வேலை. பைத்தானில் டெசிமல், ரூபியில் பிக்டெசிமல் மொழியோடு வருகின்றன. பிஎச்பியில் சரம் வடிவில் கணக்கிடும் பிசிமேத் உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் தசமக் கணக்குக்கு மொழியிலேயே எதுவும் இல்லை. எல்லாவற்றையும் பைசாவாக முழு எண்ணில் வைப்பது அல்லது லைப்ரரி.

அதே ஜாவாஸ்கிரிப்டில் 9007199254740991-க்கு மேற்பட்ட முழு எண்கள் சரியாக நிற்காது. டேட்டாபேஸில் 64 பிட் ஐடி வைத்திருந்தால் 9007199254740993 என்ற ஐடி ஜேசனில் வந்து 9007199254740992 ஆகிவிடும். வேறு வாடிக்கையாளரின் பதிவு திறக்கும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கான நோட் டிரைவர் அத்தகைய எண்களைச் சரமாகவே தருவது இதனால்தான். சரமாக வந்ததை எண்ணாக மாற்றித் 'திருத்தும்' புண்ணியவானை கோட் ரிவ்யூவில் பிடிக்க வேண்டும்.

படி 6: ப்ராசஸ், மெமரி, கனெக்‌ஷன் கணக்கு

ஜாவாவில் ஒரு ப்ராசஸ், உள்ளே நூறு த்ரெட், ஒரு கனெக்‌ஷன் பூல் (திறந்து வைத்த டேட்டாபேஸ் இணைப்புகளின் கையிருப்பு). டைனமிக் மொழிகளில் படம் வேறு.

பைத்தானில் வழக்கமான ப்ராசஸ் ஒன்றில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் பைத்தான் கோடை ஓட்டும். அந்தப் பூட்டு இல்லாத வடிவம் 3.13-ல் சோதனையாகவும் 3.14-ல் அதிகாரபூர்வமாகவும் வந்தது. ஆனால் அது தனி வடிவம், எல்லா லைப்ரரியும் தயாராகிவிட்டது என்று எண்ணித் திட்டம் போடாதீர்கள். எனவே பல ப்ராசஸ். பைத்தான் வெப் ஆப்களை ஓட்டும் குனிகார்ன் சர்வர் பரிந்துரைப்பது கோர் எண்ணிக்கை இரட்டிப்புடன் ஒன்று: 4 கோருக்கு 9. ஒவ்வொன்றும் 200 எம்பி எடுத்தால் ஒரு சர்வருக்கு 1.8 ஜிபி.

இப்போது கனெக்‌ஷன். போஸ்ட்கிரெஸின் இயல்பு வரம்பு 100. ஆறு கன்டெய்னர், தலா 9 ப்ராசஸ், தலா ஒரு கனெக்‌ஷன் திறந்தே இருந்தால் 54. நன்றாக ஓடும். பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் வகையில் ஒரு நாள் புது வெர்ஷனை வெளியிடுவீர்கள்: 108. வெளியீடு நடக்கும் ஐந்து நிமிடம் மட்டும் பிழை வரும், பிறகு மறைந்துவிடும், லாகைப் பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது. பிஜிபவுன்சர் போன்ற இடைப்பூலை முதல் நாளே வையுங்கள்.

பிஎச்பியிலும் ப்ராசஸ் கணக்குதான். 4 ஜிபி சர்வரில் மற்றவற்றுக்கு 1 ஜிபி விட்டு, ப்ராசஸுக்கு 60 எம்பி என்றால் 50 ப்ராசஸை வைக்கலாம். டெபியன், உபுண்டு பேக்கேஜில் இந்த வரம்பின் இயல்பு மதிப்பு 5. அதை மாற்றாமல் விட்டு, சிபியு சும்மா இருக்கும்போதே சைட் ஏன் காத்திருக்கிறது என்று தேடுவது வாடிக்கை.

நோடில் எல்லாக் கோரிக்கையையும் வரிசையாகக் கவனிக்கும் ஒரே ஈவென்ட் லூப். காத்திருக்கும் வேலையில் சூரன், கணக்கிடும் வேலையில் ஊரையே நிறுத்துவான். 50 எம்பி ஜேசனை ஒரே மூச்சில் பிரித்தால் அந்த நேரம் முழுதும் வேறு யாருக்கும் பதில் கிடையாது. ஹெல்த் செக்குக்கும் பதில் போகாது. கன்டெய்னர்களை மேய்க்கும் குபர்நெட்டீஸ், ப்ராசஸ் செத்துவிட்டது என்று எண்ணி மறுதொடக்கம் செய்யும். பின்னணியில் ஃபைல், டிஎன்எஸ் தேடல், சில கிரிப்டோ வேலைகளுக்கு நான்கு த்ரெட்கள்தான் இயல்பாக உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

படி 7: பேக்கேஜ் வாசலைக் காவல் காப்பது

2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற பதினோரு வரிப் பேக்கேஜை அதன் ஆசிரியர் நீக்கியதும் உலகெங்கும் பில்டுகள் விழுந்தன. 2021 பிப்ரவரியில் வெளியான ஒரு பாதுகாப்பு ஆய்வு, நிறுவனங்களின் உள் பேக்கேஜ் பெயரையே பொதுக் களஞ்சியத்தில் அதிக வெர்ஷன் எண்ணோடு பதிவு செய்தால், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் போன்ற இடங்களின் பில்டே அதை இறக்கி ஓட்டியதைக் காட்டியது. பைத்தானின் பேக்கேஜ் கருவியான பிப்பில் கூடுதல் களஞ்சியம் என்ற தேர்வைப் பயன்படுத்தினால், இரண்டு களஞ்சியத்திலும் தேடி, பெரிய வெர்ஷன் எதுவோ அதை எடுக்கும். உள் களஞ்சியத்துக்கு முன்னுரிமை என்று பலர் தவறாக நினைக்கிறார்கள்.

செய்ய வேண்டியது: நெக்ஸஸ் அல்லது ஆர்ட்டிஃபாக்டரி போன்ற ஒரே உள் களஞ்சியம், எல்லா பில்டும் அதன் வழியாக மட்டும். லாக் ஃபைல் (ஒவ்வொரு பேக்கேஜின் வெர்ஷனையும் பூட்டி வைக்கும் கோப்பு) கட்டாயம். பில்ட் சர்வரில் நோடின் பேக்கேஜ் கருவியான என்பிஎம்மின் இன்ஸ்டால் கட்டளை அல்ல, லாக் ஃபைலை அப்படியே பின்பற்றும் என்பிஎம் சிஐ. பைத்தானில் ஹாஷ் சோதனையுடன் இன்ஸ்டால். புது பேக்கேஜ் சேர்க்க இருவர் ஒப்புதல். லைசென்ஸ் சோதனையை இங்கேயே வையுங்கள், சட்டப் பிரிவு கடைசி வாரத்தில் வந்து நிற்காமல் இருக்க.

கன்டெய்னருக்கு ஆல்பைன் இமேஜ் சின்னது என்று பைத்தானுக்கும் எடுப்பார்கள். அதன் சி லைப்ரரி வேறு. தயார் நிலையில் பேக்கேஜ் கிடைக்காதபோது சோர்ஸிலிருந்து கம்பைல் ஆகும், இரண்டு நிமிட பில்ட் இருபது நிமிடமாகும். டெபியன் ஸ்லிம் இமேஜ் போதும்.

படி 8: மூன்று வார ஓட்டம்

இதற்குள் இரண்டு மொழிகள் மிஞ்சியிருக்கும். மொழிக்கு இருவராக இரண்டு ஜோடி, இரண்டு வாரம், ஒரே வேலை. டூ-டூ லிஸ்ட் ஆப் எழுதிப் பார்ப்பது நேர விரயம். எல்லா மொழியிலும் அது நன்றாகவே வரும். உங்கள் நிறுவனத்தின் மிகக் கரடுமுரடான மூலைகளை வேலையாகக் கொடுங்கள்:

- நிறுவனத்தின் உண்மையான சிங்கிள் சைன்-ஆன் வழியாக லாகின்.
- மையச் சிஸ்டத்தின் அகலமான, மோசமான டேபிள் ஒன்றைப் படித்து, ஒரே டிரான்சாக்‌ஷனில் இரண்டு இடத்தில் எழுதுவது.
- ஐந்து லட்சம் வரி உள்ள சிஎஸ்வியை 512 எம்பி மெமரிக்குள் ஏற்றுவது.
- பத்து விநாடி தாமதமாகப் பதில் தரும் வெளிச் சர்வீஸை அழைப்பது. பைத்தானின் ரெக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில் டைம்அவுட் தானாகக் கிடையாது. நாமாகக் கொடுக்காவிட்டால் ப்ராசஸ் காத்துக்கொண்டே நிற்கும்.
- உண்மையான பைப்லைன் வழியாக டெஸ்ட் சர்வரில் ஏற்றி, பழைய வெர்ஷனுக்குத் திரும்புவது.
- பிடிஎஃப் அறிக்கை.

கடைசியில் உள்ளதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம், தமிழில் பில்லோ கடிதமோ அடிக்கும் நிறுவனங்கள் குறிப்பாக. எழுத்துச் சேர்க்கையைக் கையாளாத பிடிஎஃப் லைப்ரரியில் 'கொ' அடித்தால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் விழும். ஆங்கில அறிக்கையில் எல்லாம் சரியாக வந்து, தமிழ் வாடிக்கையாளர் பெயரில்தான் குட்டு வெளிப்படும். பைத்தானில் வீஸிபிரின்ட், பிஎச்பியில் எம்பிடிஎஃப் ஆகியவை இதைச் சரியாகச் செய்யும். நோடில் திரையில்லாமல் ஓடும் குரோமை வைத்துப் பிடிஎஃப் எடுப்பது வழக்கம். எழுத்து சுத்தமாக வரும், மெமரி நிறையத் தின்னும். ரூபியின் பிரான் மட்டும் போதும் என்று நினைத்திருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

மூன்றாவது வாரம் ஜோடிகளை மாற்றுங்கள். அந்த மொழியில் எழுதாதவர்கள், மற்றவர் கோடில் ஒரு புது ஃபீல்டு, ஒரு புது விதி, ஒரு பிழைத் திருத்தம் செய்ய வேண்டும். அதற்கு எத்தனை மணி நேரம் ஆனது என்பதுதான் இந்த மொத்தச் சோதனையிலும் மதிப்புள்ள எண். கூடவே எழுதி வைக்க வேண்டியவை: ப்ராக்ஸி, டிரைவர், சான்றிதழ் என்று கோடுக்கு வெளியே போன நேரம், டைப் சோதனை பிடித்த பிழைகள், ஓடும்போதுதான் தெரிந்த பிழைகள். 'பிடித்திருந்ததா' என்றும் கேளுங்கள், ஆனால் அதற்கு மொத்த மதிப்பெண்ணில் பத்தில் ஒன்று மட்டும்.

படி 9: முடிவை எழுதி, வேலி போடுங்கள்

இரண்டு பக்கம்: தேர்ந்தது, கழித்தது, எதனால், எந்த வெர்ஷன், எந்த ஃபிரேம்வொர்க், மறுபரிசீலனை எப்போது. மொழி மட்டும் சொல்லிவிட்டு ஃபிரேம்வொர்க்கைத் திறந்து விட்டால், ஒரு வருடத்தில் ஒரே மொழியில் நான்கு விதமான ஆப் இருக்கும்.

முதல் கமிட்டுக்கு முன் ஒரு மாதிரி ரெப்போ தயாராக இருக்க வேண்டும். அதில் ஃபார்மேட்டர் (பைத்தானுக்கு ரஃப், டைப்ஸ்கிரிப்டுக்கு ப்ரெட்டியர், ரூபிக்கு ரூபோகாப்), கண்டிப்பான டைப் சோதனை, நிகழ்வுகளைப் பதியும் லாக், டைம்அவுட் வைத்த எச்டிடிபி கிளையன்ட், சான்றிதழ் அமைப்பு, டெஸ்ட் ஓடாமல் சேர்க்க விடாத பைப்லைன். டைப் சோதனையை 'பிறகு சேர்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால் பிறகு ஆயிரக்கணக்கில் பிழை காட்டும், அதைப் பார்த்து அணைத்துவிடுவார்கள்.

புது ஆப் மையச் சிஸ்டத்தின் டேபிளில் நேரடியாக எழுதக் கூடாது. படிக்க வியூ, எழுத ஏபிஐ. ஏனென்றால் கிரெடிட் வரம்பு, வரி, தணிக்கைப் பதிவு போன்ற விதிகள் டேபிளில் இல்லை, பழைய ஜாவா கோடில் இருக்கின்றன. நேரடியாக எழுதிய வரி அவற்றில் எதையும் தொடாமல் உள்ளே போய்விடும்.

முதல் ஆப்பாக, உண்மையான பயனாளர்கள் தினம் தொடுவதும், இரண்டு மணி நேரம் விழுந்தால் வியாபாரம் நின்றுவிடாததுமான ஒன்றை எடுங்கள். லீவு விண்ணப்பம் மிகச் சின்னது, பில்லிங் மிகப் பெரியது. விற்பனையாளர் பதிவு, சர்வீஸ் புகார் மாதிரியானவை சரியான அளவு. ஜாவாவிலிருந்து வருபவர்கள் முதல் மாதம் எல்லாவற்றுக்கும் இன்டர்ஃபேஸ், ஃபேக்டரி என்று ஜாவாவையே வேறு சின்டாக்ஸில் எழுதுவார்கள். அந்த மொழியில் ஐந்து வருடம் இருந்த ஒருவரை முதல் மூன்று மாதம் ரிவ்யூவுக்கென்று மட்டும் வைத்துக்கொண்டால் இது சீக்கிரம் தீரும். பயிற்சி வகுப்புக்குக் கொடுக்கும் பணத்தைவிட இது மிச்சம்.

ஆறு மாதம் போனதும் யாராவது இன்னொரு மொழிக்கு அனுமதி கேட்டு வருவார். டேட்டாவுக்குப் பைத்தான், ஸ்கிரீனுக்கு டைப்ஸ்கிரிப்ட் என்று இரண்டு இருப்பது சகஜம், அதில் தவறில்லை. மூன்றாவதைக் கேட்பவரிடம் படி 2-ன் பட்டியலையும் படி 8-ன் வேலைகளையும் கொடுத்து, ராத்திரி இரண்டு மணி அழைப்புக்கு அந்த மொழி தெரிந்த இரண்டு பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.